புத்தகத்தில் பதினெட்டு

சங்கரன்கோவில்
20-8-83, சனிக்கிழமை

என் அன்பு மகன் தாசுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் இங்கே அப்பாவும் நானும் தங்கச்சி ஜாயும் நன்றாயிருக்கிறோம். பூனா மழையில் நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது, மறுதபாலிலேயே பதில் போடுகிற அம்மா ஏன் இத்தனை நாள் பேசாமல் இருக்கிறாள் என்று யோசித்திருப்பாய். எழுத உட்காராமல் இல்லை. காற்று இன்னும் அடங்கவில்லை, தாள் பறக்காமல் டம்ளரை மேலே வைத்துவிட்டுப் பேனாவைத் திறப்பேன், பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், அதைக் கேட்டபடி எங்கேயோ போய்விடுவேன். எங்கே என்றால் கரிவலம் ரோட்டுக்கு. இரண்டு பக்கமும் மழைக்காக உழுது போட்ட நிலம், நடுவில் நீ மோட்டார் சைக்கிளில் வருகிறாய். வண்டிக்குச் சத்தமே இல்லை. சட்டை காற்றில் உப்பியிருக்கிறது, முடி பறக்கிறது, வருகிறாய் வருகிறாய், ஆனால் கிட்டே வந்து சேர மாட்டேன் என்கிறாய். விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. "எம்மா, பால் பொங்கி வழியுது, எங்கன பாத்துக்கிட்டிருக்க" என்று ஜாய் சத்தம் போட்டால்தான் வீட்டுக்குத் திரும்புவேன். பிறகு என்னத்தை எழுதுவது.

அப்பா இப்போதும் இளையரசனேந்தல் கூட்டுறவு பேங்குக்குத்தான் பஸ்ஸில் போய் வருகிறார், இடமாற்றம் வரும் என்கிறார்கள், வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஜாய் அரைப்பாவாடை போட மாட்டாளாம், தாவணிதான் வேண்டுமாம், ஒரு வாரமாக அந்தச் சண்டை. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் உனக்கு மூத்த வகுப்பில் படிக்கும் புளியங்குடிப் பையன் முகம்மது ஹுசைனின் வண்டியை மூன்று ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஓட்டிப் பார்த்ததாகவும், பறக்கிற மாதிரி இருந்ததாகவும், இனி ரோட்டில் ஓட்டிப் பழக முறைப்படி எல்.எல்.ஆர். எடுக்கப் போவதாகவும், வயசு அத்தாட்சிக்கு என் பெட்டியில் இருக்கும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். ஒளிக்காமல் எழுதினாயே, அதற்குச் சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய், புத்தகப்படி ஜூன் ஒன்றாம் தேதியே எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அந்தத் தேதியைக் கொடுத்தது நீங்கள்தானே அம்மா என்று. விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய். அந்த ஒரு வரிக்குத்தான் எனக்குப் பன்னிரண்டு நாளாகப் பதில் வரவில்லை.

நடுவில் தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுதும் காளிராஜ் அண்ணாச்சியிடம் போய் விசாரித்தேன். "யாருக்கு, ஒங்களுக்கா டீச்சர்? ஓட்டுங்க ஓட்டுங்க, ஒங்க எச்.எம்மு வழிவிட்டு ஒதுங்கி நிப்பாரு" என்று சிரித்தார், அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கண் பார்வைக்கு டாக்டரிடம் எழுதி வாங்கி மனுவோடு வைக்க வேண்டுமாம், ரோட்டோரப் பலகைகளுக்கு அர்த்தம் கேட்பார்களாம், எல்.எல்.ஆர். கைக்கு வந்த பிறகு வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பின்னால் உட்கார்த்தி வைத்துப் பழக வேண்டுமாம். கை நிதானப்பட்டதும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், பாதியில் காலை ஊன்றினால் இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிடுவாராம். மறுநாள் வகுப்பில் எட்டாம் வாய்ப்பாடு எழுதப் போனவள், சாக்பீசைக் கரும்பலகையை விட்டு எடுக்காமல் அந்த எட்டின் மேலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன், பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். கால் ஊன்றாமல் எத்தனை சுற்று வந்தேன் தெரியுமா. வயசு விஷயத்தை அண்ணாச்சியிடம் மெல்லச் சொன்னதற்கு, "புஸ்தகத்துல பதினெட்டு இருக்குல்லா, பெறவென்ன? ஆபீசரு பெத்தவளக் கூப்புட்டா கேக்கப் போறாரு" என்றார். அப்பாவும், "மூணு மாசத்துக்கா இவ்வளவு யோசிக்கே, அனுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

பெற்றவளான என்னை நானே கேட்டுக்கொண்டேன் தாஸ். நீ பிறந்தது 1965 நவம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, விடாத மழை. சபைப் பதிவில் போதகர் ஐயர் அதைத்தான் எழுதியிருக்கிறார். 1970 ஜூனில் உனக்கு நாலரை வயசு, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து முடிந்திருக்க வேண்டும், எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது, வீட்டில் உன்னைப் பார்க்க ஆள் கிடையாது. அப்போது எச்.எம்.மாக இருந்த ஞானையா சார் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "ஜூன் ஒண்ணுன்னு போட்டுருவோமா டீச்சர், பய நம்ம கண்ணு முன்னாலயே கெடப்பான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பி.ஏ. படித்தவள், பொய் என்று தெரியாமல் ஆட்டவில்லை. கண் முன்னால் இருப்பாய் என்ற ஒரே ஆசை. ஆனால் அந்தத் தேதியால்தானே எல்லா வகுப்பிலும் நீ சின்னவனாக இருந்தாய், அதனால்தானே பதினாறு முடிந்து எட்டு மாசத்தில் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினாய். உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் வீட்டில் இருந்திருப்பாய். அந்த வராத வருஷத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அதில் நீ சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்க்கிறாய், முளைத்தும் முளைக்காத மீசையைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கிறாய், நான் பார்க்காதவள் மாதிரி அரிசி களைகிறேன். எங்கேயோ அது நடந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது.

புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்புகிறேன். பூட்டி வைத்து உன்னை நிறுத்தலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை, அது இல்லாமலே ரோட்டுக்கு வந்துவிடுவாயோ என்று பயமாகவும் இருந்தது. நாளைக்கே நீ மனுக் கொடுத்தால் யாரும் தடுக்க முடியாது, ஏன் என்று நானும் கேட்க மாட்டேன், கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் பதினெட்டு என்று வைத்தவர்கள் உன்னைப் போன்ற பிள்ளைகளின் கையையும் கண்ணையும் அவசரத்தையும் நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். தேதியை மாற்றிக் கொடுத்த என்னால் கையையும் கண்ணையும் மாற்றிக் கொடுக்க முடியவில்லையே. நவம்பர் பதினெட்டுக்கு இன்றிலிருந்து சரியாகத் தொண்ணூறு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, ஆபீஸ் உண்டு, காலண்டரில் பார்த்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் நான் எடுத்துக்கொண்ட வருஷத்தில் இந்தத் தொண்ணூறு நாளாவது உன் கைக்குத் திரும்பி வரட்டும். அதுவரை பதினேழு வயசுப் பிள்ளையாக இரு மக்கா, ஹுசைன் தம்பி பின்னால் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போ, அவனை மெதுவாக ஓட்டச் சொல், ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் ஜாயின் அன்பும் உனக்கு. புத்தகத்தை மழையில் நனையாமல் பத்திரப்படுத்து. வந்து சேர்ந்ததும் இரண்டு வரி போடு, எந்தத் தேதியில் மனுக் கொடுக்கப் போகிறாய் என்பதையும் அந்த இரண்டு வரிக்குள்ளேயே எழுதிவிடு.

உன் அம்மா,
ஜெயபாய் ஜஸ்டஸ்