இடது கையை மூடாதே

வியாசர்பாடி
9 ஜூன் 2025

அன்புள்ள சுஜாவுக்கு,

ஜெய்பீம். பதிலுக்கு நீ "இயேசுவுக்கே புகழ்" என்று சொல்லிக்கொள்.

கன்னியாஸ்திரியாக நீ சேர்ந்திருக்கும் நவகன்னியர் மடத்தில் போன் கூடாது, கடிதம் மட்டும்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது தபாலாபீஸில் நிற்பவள் நான்தான். கடிதங்களை மதர் முதலில் படிப்பார்களாமே. மதர், வணக்கம்.

நீ கேட்டபடி சேர்ந்துவிட்டேன். தண்டையார்பேட்டையில் கீழே டயர் குடோன், மாடியில் எட்டு மிஷினோடு டயாலிசிஸ் கிளினிக். சந்தோஷமா? நம் நர்ஸிங் மேடம் கடைசி வகுப்பில் என்ன சொன்னார்கள்? "முதல் வருஷம் வார்டுக்குப் போங்கடி. நாலு விதமான நோயாளியைப் பாருங்க. அப்புறம் எங்கே வேணும்னாலும் போங்க" என்றார்களா இல்லையா? டயாலிசிஸைப் பற்றி நாம் படித்தது ஒரு பாடம். பார்த்தது கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு மதியம். சென்ட்ரலில் ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா வாரம் மூணு தடவை அங்கேதான் போறாங்க, தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தா போதும்" என்று நீ அழுதாயே, அதற்காகத்தான் வந்தேன்.

பயமாக இருக்கிறது சுஜா. கையில் இரண்டு ஊசி. ஒன்று ரத்தத்தை மிஷினுக்கு எடுக்கிறது, ஒன்று சுத்தமானதைத் திருப்பி உடம்புக்குள் விடுகிறது. சீனியர் மதி அக்கா முதல் நாளே என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னார்: "தோ பாரு, ஊசி போட்ட கைய மூட வுடாத. உள்ள வுடுற ஊசி கயண்டுச்சுன்னா மிஷின் கத்தும்னு நம்பிகினு இருக்காத. சில நேரம் கத்தாது. அது பாட்டுக்கு ரத்தத்த வெளிய தள்ளிகினே இருக்கும். உன் கண்ணுதான் அலாரம், புர்தா?"

அன்றைக்கு வீட்டில் ரத்தப் பொரியல். எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். தட்டைத் தள்ளிவிட்டேன். "இன்னாடி, பேய் கீய் அட்ச்சிச்சா?" என்றார் நைனா.

உன் அம்மா நன்றாக இருக்கிறார்கள். ஏசி குளிரைத்தான் திட்டுகிறார்கள். "இது ஆஸ்பத்திரியா, மீன் வைக்கிற ஐஸ் பெட்டியா மக்ளே?" என்று நாகர்கோவில் தமிழில் அவர்கள் கேட்டால் எல்லாக் கட்டிலும் சிரிக்கிறது.

உன்
எழில்மொழி


நவகன்னியர் மடம், கொடைரோடு
24 ஜூன் 2025

என் அன்பு எழில்,

இயேசுவுக்கே புகழ். ஜெய்பீமும் சொல்லிவிட்டேன். மதர் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

மேடம் சொன்னது தப்பில்லை. ஆனால் வார்டில் நீ ஒரு முகத்தை ரெண்டு நாள் பார்ப்பாய், மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அதே ஆட்கள் வருஷக்கணக்கில் வருவார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை தானாகப் பழகிவிடும், பயம் போய்விடும். புதிதாக வருகிறவளுக்கு அதைவிட நல்ல இடம் எது? சுயநலத்துக்குச் சொல்கிறேன் என்று நீ பல்லைக் கடிப்பாய். ஆமாம், சுயநலமும்தான். அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டு வந்தவள் நான். ஜெபத்தில் உட்கார்ந்தால் அந்தக் கட்டில்தான் கண்ணில் நிற்கிறது.

இங்கே சாயங்காலம் எல்லாரும் கம்பளி பின்னுகிறோம். அம்மாவுக்கு ஒரு சால்வை பின்னி அனுப்புகிறேன். அரக்கு நிறம். அழுக்கானாலும் தெரியாது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

சுஜா


வியாசர்பாடி
18 ஜூலை 2025

அன்புள்ள சுஜா,

சால்வை வந்தது. உன் அம்மா அதைப் போர்த்திக்கொண்டு மாடிப்படி ஏறியதைப் பார்க்க வேண்டுமே! "எனக்க மக கையால செய்ததாக்கும்" என்று ஒவ்வொரு கட்டிலிலும் நின்று காட்டினார்கள். பக்கத்துக் கட்டில் தௌசீஃப் பாய் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இன்னா சூடு!" என்றார்.

ஆனால் ஊசி போட்டதும் இடது கையையும் சேர்த்து மூடிக்கொள்கிறார்கள். நான் விலக்குவேன், அவர்கள் இழுத்துக்கொள்வார்கள். "நீ பொல்லாதவ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தோளை மூடுங்கள், காலை மூடுங்கள், கையை மட்டும் விடுங்கள் என்று கெஞ்சுகிறேன். கொஞ்சம் நீயே எழுதேன். நீ சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்று. மதி அக்கா சவூதிக்குப் போகிறார். அவர் போனபின் மதிய ஷிஃப்டுக்கு நான்தான் சீனியராம்! ஓனர் தட்டிக்கொடுத்துச் சொல்கிறார். எட்டுக் கட்டிலுக்கு நானும் டெக்னீஷியன் ராமதாஸ் அண்ணனும் மட்டும். அவர் பாதி நேரம் மொட்டை மாடியில் தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்டோடு மல்லுக்கட்டுகிறார். வார்டாக இருந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஒரு அக்கா ஓடி வருவாள். இங்கே யாரைக் கூப்பிடுவேன்? பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பை வேண்டுமென்றே ஒருநாள் விட்டுவிட்டேன். பிறகு நடந்து திரும்பி வந்தேன்.

எழில்மொழி


கொடைரோடு
3 ஆகஸ்ட் 2025

என் எழில்,

பயந்தாங்கொள்ளி! வைவா பரீட்சையில் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்பவள் நீதானே? நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே தூங்குகிறேன்.

அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் பிடிவாதம் உனக்குத் தெரியாதா? ரொம்ப நடுங்கினால் கொஞ்ச நேரம் கையையும் மூடிக்கொள்ளட்டுமே. நீதான் பக்கத்திலேயே இருக்கிறாயே, அவ்வப்போது தூக்கிப் பார்த்துக்கொள். நான் அருகில் இருந்து போர்த்திவிட முடியவில்லை. அந்தச் சால்வையாவது செய்யட்டும்.

சுஜா


வியாசர்பாடி
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சுஜாவுக்கு,

நலம். உன் அம்மாவுக்குப் போன வாரம் பிரஷர் கொஞ்சம் இறங்கியது. முன்ஜாக்கிரதையாகப் பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

எழில்மொழி


கொடைரோடு
8 செப்டம்பர் 2025

எழில்,

உன் கடிதம் நாலு வரி. சாப்பிட்டாயா என்று கேட்கவே நீ ஒரு பக்கம் எழுதுகிறவள். நைனா இல்லை, தௌசீஃப் பாய் இல்லை, மதர் வணக்கம்கூட இல்லை.

அப்பா எழுதியிருந்தார். ரத்தம் நாலு பை ஏற்றினார்களாம். அம்மா தூக்கத்தில் கையை இழுத்துக்கொண்டதால் ஊசி கழன்றதாம், கிளினிக்கில் அப்படித்தான் சொன்னார்களாம். பிரஷர் இறங்கியதற்கா நாலு பை? நானும் நர்ஸிங் படித்தவள்தான்.

நம் இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று சொல். பயமாக இருக்கிறது. அம்மாவுக்காக மட்டுமில்லை.

சுஜா


வியாசர்பாடி
20 செப்டம்பர் 2025

சுஜா,

மதர் இதைப் படித்தாலும் பரவாயில்லை.

அம்மா கையை இழுக்கவில்லை. நான்தான் மூடவிட்டேன். அன்றைக்கு அம்மாவுக்குக் குளிரில் பல் கிட்டியது. உன் கடிதமும் மனதில் இருந்தது. "கொஞ்ச நேரம்தாம்மா" என்று சொல்லி நானே சால்வையை இழுத்துக் கையை மூடினேன். என் கையால் மூடினேன். ராமதாஸ் அண்ணன் மொட்டை மாடியில் இருந்தார். அந்த நேரம் பார்த்து தௌசீஃப் பாய்க்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அலறினார். அவரிடம் ஓடினேன். காலை நீவி விட்டேன், சலைன் விட்டேன், அவருக்கு மூச்சு நிதானமானதும் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். மிஷின் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை. சால்வை எப்போதும் போல் அரக்கு நிறமாகவே இருந்தது. தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன் சுஜா. தூங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

என் செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தால் கட்டிலுக்குக் கீழே ரத்தம். சால்வை முழுதும் குடித்துவிட்டு, அதற்குமேல் தாங்காமல்தான் சொட்டியிருக்கிறது.

மிஷினை நிறுத்தினேன், குழாய்க்குக் கிளாம்ப் போட்டேன், ஊசி இருந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ராமதாஸ் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அம்மாவின் உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு டிரைவர் இறங்கி, "வழி வுடுங்கடா டேய், உசுரு போவுது!" என்று முன்னால் ஓடிக்கொண்டே ஒவ்வொரு லாரியாகத் தட்டினான். அவன் முகம் இன்னும் கனவில் வருகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேஷன்ட் தூக்கத்துல கைய இழுத்துட்டாங்கன்னு சொல்லிடு. உன் லைசென்சும் போவும், என் கிளினிக்கும் போவும்" என்றார். உன் அப்பா வந்து என்னம்மா ஆச்சு என்று கேட்டபோது, அந்தப் பெரிய மனுஷர் முகத்தைப் பார்த்து அதையே சொன்னேன். பிறகு உனக்கும் நாலு வரி எழுதினேன்.

இன்று ராயபுரம் போய், உங்கள் மளிகைக் கடையில் உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வந்த வாடிக்கையாளருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்தார். பாதி தராசுத் தட்டுக்கு வெளியே கொட்டியது. உள்ளேயிருந்து உன் அம்மாதான் குரல் கொடுத்தார்கள்: "அவள ஒண்ணும் சொல்லாண்டாம். குளிருகுன்னு அடம் பிடிச்சது நானாக்கும்." அந்தக் குரலைக் கேட்டதும் தெருவில் நின்று அழுதேன்.

பயம் போய்விடும் என்று எழுதினாயே, உண்மை. அன்றைக்கு மதியம் ஒரு நிமிஷம் எனக்குப் பயம் போயிருந்தது. அதனால்தான் மூடினேன்.

நீ சொன்னாய் என்று உன்மேல் பழி போடவில்லை. அங்கே நின்றவள் நான். மன்னிப்பாயா என்று கேட்கவும் வாய் வரவில்லை.

எழில்மொழி


வியாசர்பாடி
22 நவம்பர் 2025

அன்புள்ள சுஜா,

ரெண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போஸ்ட்மேன் என்னைப் பார்த்தாலே கையை விரித்துக் காட்டிவிட்டுச் சைக்கிளை மிதிக்கிறார். இனி எழுதமாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று பார்சல் வந்தது. பிரித்து, காகிதத்தை உதறி, கம்பளிக்குள் கைவிட்டுத் துழாவினேன். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வெள்ளை ஸ்வெட்டர். வலது பக்கம் மணிக்கட்டு வரை கை. இடது பக்கம் கையே இல்லை. பின்னி முடிக்காமல் அனுப்பிவிட்டாயோ என்று முதலில் நினைத்தேன். பிறகு தோளோரத்தை மடித்துத் தைத்திருந்ததைப் பார்த்தேன். அதை மடியில் விரித்து வைத்தேன். நைனா எட்டிப் பார்த்து, "எவன்டி ஒரு கைய மறந்தவன்?" என்றார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன், தனியாக இனி நிற்கமாட்டேன் என்றும் சொன்னேன். ஓனர் குதித்தார். உன் அப்பா கிளினிக்குக்கு வந்து, இன்னொரு நர்ஸ் போடாவிட்டால் புகார் கொடுப்பேன் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் இன்னும் பேசுவதில்லை. இப்போது அனுபவமுள்ள ஒரு அக்கா வந்திருக்கிறார். போன வாரம் நவ்ரீன் என்று ஒரு பெண், இந்த வருஷம்தான் பாஸ் செய்தவள், வேலை கேட்டு வந்தாள். "இங்கே சேரலாமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். "பக்கத்தில் ஆள் இருக்கும்வரை சேரு. உன்னைத் தனியாக விட்டுவிட்டு, நீதான் சீனியர்னு தட்டிக் கொடுத்தாங்கன்னா அன்னைக்கே பையை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடிவிடு" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பாவம். என் பயத்தில் கொஞ்சம் அவளுக்கும் ஒட்டட்டும்.

இன்று மதியம் ஸ்வெட்டரை உன் அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். இடது கை, ஊசி இரண்டும் என் கண்ணெதிரே. விரல் மட்டும் ஜில்லிட்டது. பிடித்துத் தேய்த்துவிட்டேன். அம்மா நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பிள்ள ஏன் வெள்ளையில செய்திருக்கா? ஒரு துளி பட்டாலும் தெரியுமே மக்ளே" என்றார்கள்.

"தெரியட்டும்மா" என்றேன்.

உன்
எழில்