இருக்கைக் கட்டணம் கட்டாத அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் எல்லா அளவிலும் சுகமாக இருக்க வேண்டும். உன் அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மாடியில் துணி உலர்த்தும் இலாகா என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, என் மடிப்பு சரியில்லை என்று மேலிடத்தில் அதிருப்தி. லீவுக்கு எங்களோடு வந்திருக்கிற உன் வாண்டுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள், மீட்டர் பார்க்க வந்தவர்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்து, "நல்ல பல்லும்மா, பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், தூங்கும்போது மட்டும் உன்னைக் கேட்கிறாள், பாட்டி முதுகைத் தட்டினால் அடங்கிவிடுகிறாள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருவதாகச் சொல்லி ஒரு வாரம் ஆகிறது, அவருடைய நாளை இன்னும் வரவில்லை.

போனில் பேசுகிறவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சிரித்த சிரிப்புதான் காரணம். வாண்டு அந்த வாரம் ஏற்கெனவே சொன்ன கதையையே மறுபடியும் உன்னிடம், "தாத்தா பிளைட்ல எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லி மாத்தி மாத்தி உக்கார வெச்சாரு" என்று சொன்னாளா, நீ உடனே, "எங்கப்பா எங்கப்பாதான், ரயிலை விட்டாலும் ரயில் அவரை விடல பாரு" என்று சொல்லிச் சிரித்தாய், ஆபீசிலும் சொன்னேன், எல்லாரும் கைதட்டினார்கள் என்றாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். போனை வைத்ததும் உன் அம்மா, "கைதட்டலை வாங்கிக்கிட்டீங்க போல" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசுவது தட்டு, தண்ணீர், கதவு என்ற அளவில் நிற்கிறது. நேற்று மட்டும் முழு வாக்கியம் இரண்டு கிடைத்தன, அதில் ஒன்று: "அவகிட்ட நீங்களா சொல்லுங்க, இல்லேன்னா நான் சொல்லுவேன், நான் சொன்னா நல்லா இருக்காது." அவள் சொன்னால் உண்மையாக இருக்கும் என்று அர்த்தம். அதனால் நானே எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்து வேறு கதைக்குப் போய்விடுவேன்.

உங்கள் ஊரிலிருந்து நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை, "மாமா, சீட்டுக்குத் தனியா கட்டினாத்தான் மூணு பேரும் ஒண்ணா உக்கார முடியும், நான் கட்டிடறேன்" என்று போனைக் கையில் எடுத்தார். நான்தான் வாங்கிக்கொண்டு, அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே பயணச்சீட்டில் இருக்கிற மூன்று பேரை அந்த இயந்திரம் விமானத்தின் மூன்று மூலைகளில் உட்கார வைத்திருந்தது, நான் முன்னால், உன் அம்மா பின்னால் கழிப்பறைக்குப் பக்கத்தில், ஆறு வயதுக் குழந்தை நடுவில் றெக்கை மேல். பிரித்து வைப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, அது அவர்களுடைய அன்பளிப்பு. சேர்த்து வைக்கத்தான் கட்டணம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலைக்காலம் முழுவதும் ஓடுகிற ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக எத்தனை குடும்பங்களை ஒரு தேநீர்கூட வாங்கிக்கொள்ளாமல் ஒரே பெட்டியில் சேர்த்து உட்கார வைத்திருக்கிறேன், அந்த வேலைக்கு என்னிடமே காசு கேட்கிறானா என்று தோன்றியது. ஏறினதும் நாலு பேரிடம் சொன்னால் மாறி உட்காரப் போகிறார்கள், இதற்குப் போய் எதற்கு என்று போனை மூடினேன். விமான நிலையத்தில் நீ, "சீட்டெல்லாம் சேர்ந்துதானேப்பா?" என்று கேட்டபோது மூன்று போர்டிங் பாசும் என் சட்டைப் பையில் இருந்தன. சேர்ந்துதான் என்றேன். பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்கிறோம் என்று எண்ணினேன்.

உள்ளே போனதும் உன் அம்மாவை நடைபாதையில் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வாண்டின் இடத்துக்குப் போனேன். அவளுடையது ஓர இருக்கை. நடுவில் உன்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண், ஜன்னலோரம் அவளுடைய அப்பா, என்னைவிட ரொம்பப் பெரியவர். நீ வாங்கிக் கொடுத்த கறுப்புக் கோட்டு போட்டிருந்தேன், மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி, "எங்கே, காட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு பேருடைய போர்டிங் பாசையும் எடுத்து மரியாதையாக என் கையில் கொடுத்துவிட்டாள். நான் அதை வாங்கிப் படித்தும் பார்த்தேன் மகளே, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம். பேனா இருந்திருந்தால் ஒரு டிக் அடித்திருப்பேன். நீங்கள் பின்னால் போங்கள், பெரியவர் முன்னால் போகட்டும், இங்கே குழந்தையோடு ஒரு குடும்பம் வருகிறது என்றேன். அவள், "சார், அப்பாவுக்குக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள். "முதல்ல கிளம்பட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். இந்த வாக்கியம் எங்கள் வேலையில் எல்லாருக்கும் மனப்பாடம், அப்புறம் யாரும் பார்த்ததில்லை. அவள் என்னை விமானத்து ஆள் என்றே நம்பிவிட்டாள், பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பெரியவரை நானே கையைப் பிடித்து முன்னால் கூட்டிப் போய் உட்கார வைத்துப் பெல்ட்டும் மாட்டிவிட்டேன். "ரொம்ப நன்றி தம்பி" என்றார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு நிமிர்ந்து நான் நடந்ததில்லை. வந்து உட்கார்ந்து உன் அம்மாவிடம், "பார்த்தியா, இதுக்குப் போய்க் காசு கேட்டான்" என்றேன். "எல்லாரும் மனசார எந்திரிச்சாங்களா?" என்று கேட்டாள். அவர்களே எழுந்துகொண்டார்கள் என்றேன்.

விமானம் மேலே போனதும் ஆட்டம் பிடித்துவிட்டது, பெல்ட் விளக்கு அணையவே இல்லை, யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் முன்பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் தண்ணீர் கேட்கிற மாதிரி முதலில் மெதுவாக, "பாப்பா, ஏ பாப்பா" என்று. பதில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது. "பாப்பா, எங்கம்மா இருக்கே, யார் வீடு இது, என்னை எங்க விட்டுட்டுப் போயிட்டே" என்று அழ ஆரம்பித்துவிட்டார். எழுந்திருக்கப் பார்க்கிறார், பணிப்பெண் தோளைப் பிடித்து உட்கார வைக்கிறாள், அவளுக்கு அவர் பேச்சு புரியவில்லை, அவருக்கு அவள் பேச்சு புரியவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உன் அம்மா, "யாருங்க அது?" என்றாள். யாரோ வயசானவர் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவரை எங்கேர்ந்து எழுப்பினீங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள், "இங்கேர்ந்துதான் பாட்டி, நான் இப்ப உக்காந்திருக்கேன்ல, இதுதான் அவரு சீட்டு, தாத்தாதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு" என்றாள். குழந்தை பெருமையாகத்தான் சொன்னாள்.

அதற்குள் பின்னாலிருந்து அந்தப் பெண் ஆடுகிற விமானத்தில் ஒவ்வொரு இருக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இன்னொரு பணிப்பெண் திரும்பிப் போகச் சொல்லிக் கத்துகிறாள். அவள் அந்தப் பணிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை, என் பக்கத்தில் வந்து நின்று, கண்ணில் தண்ணீரோடு, "சார், இப்ப நான் போகலாமா?" என்று கேட்டாள். என்னிடம் அனுமதி கேட்டாள், மகளே. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், வேலையில் வாங்காத திட்டா. நான் தலையை மட்டும் ஆட்டினேன், அதுவும் அனுமதி கொடுக்கிற மாதிரியே ஆடித் தொலைத்தது. உன் அம்மாதான் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து, "நீ போம்மா, இவரு யாருமில்ல, என் வீட்டுக்காரர்" என்றாள்.

ஆட்டம் நின்ற பிறகு எல்லாம் சரி செய்யப்பட்டது. அவருக்கு மறதி நோய், மகள் கண்ணில் படுகிறவரை சாதுவாக இருப்பார், படாவிட்டால் இப்படித்தான் என்று அந்தப் பெண் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "அதுக்குன்னே காசு கட்டிப் பக்கத்துச் சீட்டு எடுத்தேன் அக்கா, அந்த சாரு சொன்னதும் ஏதோ மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாளாம். நான் கட்ட மறுத்த கட்டணத்தை அவள் கட்டியிருந்தாள், அதைத்தான் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பணிப்பெண்களின் தலைவி வந்து, "சார், நீங்க எங்க கம்பெனியில எந்த டிபார்ட்மென்ட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ரிட்டயர்டு என்று சொன்னேன். எதிலிருந்து என்று கேட்டாள். ரயில் என்றேன். சிரிப்பதும் சேர்த்துத்தான் அவர்களுக்குச் சம்பளம், அப்படியும் அவள் சிரிக்கவில்லை.

உன் அம்மா என் கையைப் பிடிக்காமல் முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். வாண்டு தன் ஓர இருக்கையில் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே வந்தாள், வழியெல்லாம் அவளே ஊட்டிவிட்டு, போர்வை போர்த்தி, அப்பாவையும் குழந்தையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். நான் தொடாமல் விட்டிருந்தால் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நடந்திருக்கும். நான் முன்னால் என் சொந்த இடத்துக்குப் போனேன். இருக்கை ஈரமாக இருந்தது. பயத்தில் அவர் நனைத்துவிட்டிருந்தார். மகள் அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய் உடை மாற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை, உட்காரப் போனபோதுதான் விளங்கியது. விமானத்தில் வேறு இடம் காலி இல்லை, இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். இது உன் அம்மாவுக்கும் தெரியாது. இறங்கும்போது அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றேன். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையைக் கொடுத்தார், அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மகளுக்கு இருந்தது, அவள் அவருடைய கையை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ரயிலில் சேர்த்து வைத்தவர்களைத்தான் நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கும்பிட்டார்கள். எழுப்பி அனுப்பினவர்கள் எந்தப் பெட்டிக்குப் போனார்கள், போய் யாரைத் தேடினார்கள் என்று பார்த்ததே இல்லை.

லீவு முடிந்து வாண்டைத் திரும்பக் கொண்டுவந்து விடும் பயணத்துக்கு மாப்பிள்ளை கட்ட வேண்டாம், இருக்கைக் கட்டணத்தை நேற்று நானே கட்டிவிட்டேன். முதலில் அம்மாவுக்கும் குழந்தைக்கும் மட்டும் சேர்த்து எடுத்துவிட்டு, என்னை இயந்திரம் எங்கே தள்ளுகிறதோ அங்கே கிடக்கிறேன் என்று நினைத்தேன், அதில் ஒரு பிராயச்சித்தம் இருப்பதாகவும் தோன்றியது. உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். "தனியா விட்டா மறுபடி நடக்க ஆரம்பிச்சுடுவீங்க, மூணையும் சேர்த்து எடுங்க" என்றாள். எடுத்தேன். ஜன்னலோரம் நான், நடுவில் வாண்டு, ஓரத்தில் அவள். நான் எழுந்திருக்க வேண்டுமானால் இரண்டு பேரிடமும் அனுமதி கேட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஏற்பாடு முறையானதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

உன்னிடம் பொய் சொல்லிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்ததற்கு அப்பாவை மன்னித்துக்கொள். இனி என்னை நம்பி அவளை அனுப்ப வேண்டாம், அம்மாவை நம்பி அனுப்பு, நான் கூட வருகிறேன். மாப்பிள்ளை தோள்வலி என்றாரே, தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாமல் டாக்டரிடம் காட்டச் சொல். நீ மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுவதாக வாண்டு சொன்னாள், அதை மாற்று. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பக்கத்தில் ஒருவராக நீண்ட நாள் இருக்க ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று மட்டும் செய்: உன் ஆபீசில் கைதட்டினவர்களிடம் மீதிக் கதையையும் சொல்லிவிடு, அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வியை விடாமல் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா