முற்றுப்புள்ளிக்குப் பின்னால் விட்ட இடம்

இரும்புலியூர்
5-10-2008

அன்புள்ள உதயாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் ஜெயப்ரியாவும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும். எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை, அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கம் அப்படி, ஆனால் இந்தத் தடவை எழுத முடியவில்லையப்பா. போன வாரம் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். சர்க்கரை அம்மாவின் வலது கண்ணையும் தின்றுவிட்டதாம், இனி வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரியும், எழுத்து தெரியாது என்றார். போனில் உன்னிடம் சொல்லவே கூடாது என்று அம்மா என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். போனில்தானே கூடாது, அதனால் கடையில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினால் சத்தம் கேட்டு, இன்னா அடிக்கிறீங்க, எனக்கும் படிச்சுக் காட்டுங்க என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ தமிழில் அடித்து அனுப்புகிற மெயில் எப்படி வருகிறது தெரியுமா? ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் அடிப்பாய் போல, முதலிலிருந்து கடைசி வரை ஒரே உருண்டை, முற்றுப்புள்ளி வைத்த கையோடு அடுத்த வாக்கியம் ஒட்டிக்கொண்டு வரும். எனக்கே மூச்சு முட்டும். அம்மாவுக்குப் போன வருஷமே எழுத்து கலங்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் நான் படிக்கிறேன் என்றால் முறைப்பாள், எம்புள்ள எனக்கு எழுதினத நீங்க எதுக்குப் படிக்கிறீங்க என்பாள். எழுத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன், அப்போதும் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் திண்டாடினாள். ஒருநாள் பாதியில் விட்டுவிட்டு, அவசரத்துல அடிச்சிருக்கான், பாவம், அவனுக்கு நமக்குன்னு நேரம் எங்க கீது என்று சொல்லி எழுந்தாள். சமையல்கட்டில் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

அடுத்த மெயில் வந்தபோது அவளுக்குக் காட்டும் முன்பே நோட்பேடில் எடுத்துப் போட்டு, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பின்னாலும் ஸ்பேஸ் தட்டினேன். ஒன்று தட்டினால் அவளுக்குத் தெரியவில்லை, அதனால் இரண்டு. விஷயம் மாறுகிற இடத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டேன். நாவலூரில் வேலை பார்க்கிற உன் சிநேகிதன் ஹேமநாத் வந்திருந்தான், ரெண்டு ஸ்பேஸெல்லாம் டைப்ரைட்டரோட போச்சு அங்கிள், ஸ்கிரீனுக்கு ஒண்ணே போதும் என்று சிரித்தான். கண் நல்லா இருக்கிறவனுக்குப் போதும்டா, உங்க ஆன்ட்டிக்குப் போதாது என்றேன். ஒரு வார்த்தை நான் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை, இடம் மட்டும்தான் விட்டேன். அன்றைக்கு அம்மா முழுசையும் தானே படித்தாள். படித்து முடித்து, இந்த தபா எவ்ளோ நிதானமா எழுதியிருக்கான் பாருங்க, ஒண்ணு ஒண்ணா சொல்லிட்டு, நம்மள நெனைச்சு நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கான் என்றாள். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். அது நான் விட்ட இடம் தையல்நாயகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம் வந்த மெயிலுக்கெல்லாம் இதே வேலைதான் செய்தேன்.

நேற்று வந்ததை நான்தான் படித்துக் காட்டினேன். இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று இடம் விடாமலே, வந்தது வந்தபடி மடமடவென்று படித்தேன். பாதியில் என் கையைப் பிடித்தாள். ஏன் ஓடுறீங்க, புள்ள நிறுத்தின எடத்துல நிறுத்திப் படிங்க என்றாள். ஸ்கிரீனைப் பார்த்தேன், ஓரிடத்திலும் நீ நிறுத்தவில்லை உதயா. நானாகத்தான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு லீவு இல்லை என்று எழுதியிருந்தாய், சரி. பொங்கலுக்காவது வந்து போ, முகம் தெரியாவிட்டாலும் தொட்டுப் பார்ப்பாள். நீயும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள், அலட்சியம் வேண்டாம். மருமகளுக்கும் உனக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

மறந்துவிடாதே, இனி மெயில் அடிக்கும்போது முற்றுப்புள்ளி வைத்ததும் இரண்டு ஸ்பேஸ் விடு. அம்மாவால்தான் பார்க்க முடியாதே, யாருக்காக என்று கேட்காதே. இங்க நிறுத்தியிருக்கானா என்று அவள் என்னைக் கேட்பாள். நான் ஆமாம் என்று சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தட்சிணாமூர்த்தி