உங்கள் பதிவு எண் என் சுவரில் தொங்கிய எட்டு மாதம்

மேடம்,

நேற்று மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் மூத்த குடிமக்கள் அட்டையை லேமினேட் பண்ணக் கொடுத்தேன். இயந்திரம் சூடேறி அந்தப் பிளாஸ்டிக் வாசனை கிளம்பியதும் நான் கடை மேஜையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் பதறி ஸ்டூல் போட, ஒருவர் சோடா வாங்கிவர, நாலு பேர் விசிற... இல்லை, ஸ்டூல் மட்டும்தான். உங்களுக்கு எழுதும்போதாவது நடந்ததை மட்டும் சொல்லப் பார்க்கிறேன்.

அன்றும் இதே வாசனைதான். புயல் மழையில் உங்கள் வீட்டுச் சுவர் ஊறி, மனநல நிபுணர் என்ற உங்கள் பதிவுச் சான்றிதழின் ஓரம் நனைந்துபோனது. "செக்ரட்டரி சார், இதை லேமினேட் பண்ணிக் குடுங்க. பத்திரம், என் சொத்தே இதான்" என்று தந்தீர்கள். மந்தைவெளியில் நம் அடுக்ககத்துக்கே செயலாளர் நான். என்னை நம்பாமல் யாரை நம்புவீர்கள்? லேமினேட் செய்தேன். கூடவே ஒரு கலர் காப்பியும் எடுத்துக்கொண்டேன்.

ஏன் என்று பிறகு நீங்கள் கேட்டபோது மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். இருபத்தாறு வருடம் மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடையில் நின்றவன் நான். அந்தக் கடைச் சுவரில் ஒரு பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் தொங்கும். அவரை நான் பார்த்ததே இரண்டு முறை, இரண்டும் தீபாவளிக்கு முந்தைய நாள். பெயர் அவருடையது, கை என்னுடையது. அதனால் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், தையற்கடை மாடியில் 'மன அமைதி ஆலோசனை நிலையம்' திறந்தபோது, சுவரில் யாருடையதாவது ஒரு சான்றிதழ் இருந்தால் சட்டத்துக்குப் போதும் என்றே நினைத்தேன். என் படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதற்குமேல் ஒரு ஓட்டலில் நடந்த இரண்டு நாள் ஆலோசனைப் பயிற்சி, ஒரு மெடல்.

நன்றாகத்தான் பேசினேன், மேடம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அழுதுகொண்டு படி ஏறியவர்கள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். நூற்றுக்கணக்கில். சரி, பதினெட்டுப் பேர். பத்தொன்பதாவதாக ஒரு அம்மா தன் கணவரை அழைத்துவந்தார். அவர் ஏற்கெனவே டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர். "இதெல்லாம் நோயே இல்லீங்க, வெறும் யோசனை. மாத்திரையப் பாதியா உடைச்சுப் போடுங்க. அடுத்த மாசம் அதுவும் வேணாம்" என்றேன். மூன்றாவது வாரம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார், என் பேச்சால் அல்ல. அவர் மகள் என் சுவரைப் போனில் படம் பிடித்து, நிபுணர்களுக்கு உரிமம் தரும் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பினாள். படத்தில் இருந்தது உங்கள் பெயரும் பதிவு எண்ணும்.

கவுன்சில் கடிதத்தோடு என் வாசலில் வந்து நின்றீர்கள்.

"இது என் நம்பர்தானே?"

"ஒரு மரியாதைக்குத்தான் மேடம் மாட்டினேன்."

"மரியாதைக்கா? என் போட்டோவ மாட்டி மாலை போட்டிருக்கலாமே. யாருக்கும் ஆபத்து வந்திருக்காது."

"நாலு நல்ல வார்த்தை பேசினது தப்பா?"

"பேசறத யாரு தடுத்தா? பக்கத்து வீட்டுக்காரரா நாள் பூரா பேசுங்க. இது நோய், இது நோயில்லன்னு சொல்றீங்க பாருங்க, அதுக்குத்தான் உரிமம். நான் தப்பாச் சொன்னா என்னைக் கூப்பிட்டுக் கேக்கலாம். அதுக்குத்தான் அந்த நம்பர். உங்களை யாரு கேப்பாங்க?"

நீங்கள் கேட்டது ஒன்றுதான்: இது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் ஒரு வரி எழுதித் தர வேண்டும். "வரி என்ன மேடம், நேர்லயே வரேன். அங்க நான் பேசற பேச்சுல எல்லாரும் எழுந்து நிப்பாங்க பாருங்க" என்றேன். விசாரணை நாளில் கஞ்சி போட்ட சட்டையோடு கிளம்பியவன், பாதி வழியில் கிண்டியிலேயே பேருந்தை விட்டு இறங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் வழக்கு என்மேல் திரும்பும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சாயங்காலம்வரை ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "டிராஃபிக் மேடம்" என்றேன். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

விசாரணை முடியும்வரை நீங்கள் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்று உத்தரவு வந்தது. பாண்டிபஜாரில் புடவைக்கடையில் வேலை செய்யும் பெண் சனிக்கிழமைதோறும் உங்களிடம் வருவாளே, அவளைக் கேட்டிலேயே நிறுத்தினீர்கள். "எனக்கு இப்ப கேக்க உரிமை இல்லம்மா" என்று, அடையாறில் இன்னொரு நிபுணரின் முகவரியைச் சீட்டில் எழுதித் தந்தீர்கள். அவள் அங்கே போகாமல் அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் வந்தாள். நீங்கள் மழையைப் பற்றியும் புடவை பார்டரைப் பற்றியும் பேசினீர்கள். அவள் தன்னைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தச் சொன்னீர்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உரிமையுள்ளவர் வாயை மூடிக்கொண்டு நின்றதற்குக் காரணம், உரிமையில்லாத என் வாய்.

மார்கழியில் நீங்கள் போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு எழுதக் கை வந்தது. நடந்ததைக் கவுன்சிலுக்கு மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன், ஒரு சொல் கூட்டாமல். சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டதால் விசாரணை முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது. உங்கள்மேல் தவறில்லை என்று அதில் இல்லை. அந்த வரியைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். என்மேல் வழக்கு நடக்கிறது, நடக்கட்டும்.

மார்கழிக்கு முன்பே வருவதை நிறுத்தியிருந்த அந்தப் புடவைக்கடைப் பெண், போன சனிக்கிழமை கேட்டில் நின்றாள். "மேடம் கீறாங்களா சார்?" சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "மூணு மாசமா தூக்கமே வர்ல சார். எனக்கு இன்னா ஆயிருக்குது?" பத்துப் பதில் என் நாக்கில் வந்து நின்றது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

உங்கள் சீட்டு அவள் பர்ஸில் இருந்தது. "தனியாப் போறதுக்கு பயமாக்கீது. கூட வர்றீங்களா சார்?"

போனேன். அவளை உள்ளே கூப்பிட்டதும் கதவு சாத்திக்கொண்டது. ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அந்த ஒரு மணி நேரமும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று விசாரணை நடந்த இடத்திலும் இப்படி ஒரு பெஞ்ச் இருந்திருக்கும். பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்து, யாராவது உட்கார வந்தால் "ஆள் வராங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பீர்கள்.