ஆளா, செயலா?

அன்புள்ள மனைவிக்கு,

இழிவைக் குறிக்கும் 'டெஸ்பிகபிள்' என்ற சொல்லுக்கு, ஆளைச் சொல்வது ஒரு பொருள், செயலைச் சொல்வது இன்னொரு பொருள் என்று பிரித்து எழுத எங்கள் லண்டன் அகராதி அலுவலகம் இன்று ஒருமனதாக முடிவெடுத்தது. ஆசிரியர் எழுந்து நின்று அறிவித்தார்.

எந்தப் பொருளுக்கும் யாராவது அப்படிச் சொன்னதைக் குறித்த ஒரு சான்றுச் சீட்டு வேண்டும் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மாவின் நல்லடக்கத்துக்கு வராமல் நான் அலுவலகம் போன அன்று மாலை, "டெஸ்பிகபிள்! இதுக்கு வேற வார்த்தையே இல்ல!" என்று கத்தினாய். வேறு பதினோரு வார்த்தைகள் இருக்கின்றன என்றேன். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, நீ சொன்னதைத் தேதியோடு குறித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் நீ அக்கா வீட்டுக்குப் போனாய்.

சீட்டைப் பார்த்து, பக்கத்து மேசை பெட்டிஃபர் சிரித்தார். "என்னய்யா, இது உம்மைச் சொன்னதா, நீர் செஞ்சதைச் சொன்னதா? வீட்டம்மாகிட்டயே கேளுமே!"

ஆகவே கேட்கிறேன். செயலை என்றால், நான் மன்னிப்புக் கேட்க இடமிருக்கிறது. அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

இப்படிக்கு,
உன் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் அக்கா அனுப்பிய வண்டி வந்தது. உன் பியானோவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.