செவலைக்கு ஒரு மெத்தை

ஜூன் 11, புதன்

செவலை இன்றும் சுவரேறிக் குதித்து அடுத்த வீட்டில்தான் முட்டையிட்டிருக்கிறது. தீனி என் வீட்டில், முட்டை அங்கே. சாயங்காலம் அந்தப் பெண் ரூபியா வாசலில் நின்று, “யக்கா, ஒங்க கோழி முட்டை” என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அவள் குடிவந்து இரண்டு மாதம் இருக்கும். கடையநல்லூர்க்காரி, புருஷன் சவூதியில், தம்மாமில். கோழி கிடையாது. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஓட்டைப் பனையோலைக் கடகம் ஒன்று பின்புறம் கிடக்கிறது, அடியில் கொஞ்சம் பழைய உமி. அதில் என்னத்தைக் கண்டதோ என் செவலை! இங்கே பழைய மர டி.வி. பெட்டியையே காலி செய்து கொடுத்திருக்கிறேன். நானும் அவரும் பார்த்த டி.வி. வெறும் பலகை பிடிக்கவில்லை போல. மெத்தை போட வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

அறுவை மில்லிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கிப் போட்டேன். இது காற்றுக் காலம் என்பது எப்படி மறந்தது? மதியத்துக்குள் தூளெல்லாம் கொடியில் கிடந்த சேலையிலும் என் கண்ணிலும். செவலை சுவர்மேல்.

ஜூன் 15, ஞாயிறு

மகன் ஓசூரிலிருந்து பேசினான். “கோழி மெத்தை ஆன்லைன்லயே கெடைக்கும்மா, ஆர்டர் போடுதேன்.” வேண்டாம் என்றேன். “அப்பொ கோழிய வித்துரு.” அதற்குள் வேறு அழைப்பு வந்து வைத்துவிட்டான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேசுவதற்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான். இப்போது எனக்குப் பேச ஆள் இல்லை.

ஜூன் 18, புதன்

தறிச் செட்டில் கழிவு நூல் சும்மாவே கொடுத்தார்கள். இந்த ஊரில் வண்டி துடைக்க, தலையணை திணிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கோழிக்கு மட்டும் ஆகாதா? பெட்டி நிறையப் போட்டேன். பஞ்சு மாதிரி இருந்தது. செவலை தானாகவே ஏறி உட்கார்ந்துவிட்டது!

ஜூன் 19, வியாழன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நூல் செவலையின் காலில் சுற்றி, அது இழுக்க இழுக்க இறுகி, விரல் வீங்கி நீலமாகிவிட்டது. கத்தியது கோழியா நானா — தெரியவில்லை. ரூபியா ஓடி வந்தாள்.

“பிடிச்சுக்கோங்க யக்கா, ஒதற விடாதீங்க.” சின்னக் கத்தரிக்கோலால் இழை இழையாக நறுக்கினாள். “கோழிக்குப் போயி நூலைப் போடுவாவளா?”

“இந்த ஊருல எல்லாத்துக்கும் அதத்தானட்டி போடுதோம்” என்றேன். சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டீ போட்டேன். அவர் காரியத்துக்கு வந்தவர்கள் போனபிறகு இரண்டாவது டம்ளரை எடுத்தது இன்றுதான். அவள் வீட்டு மிக்ஸி ஓயாமல் ஓடுவதற்காக எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்! “அவுக போனை வச்ச பொறவு வீடு கம்முன்னு ஆயிரும்க்கா. சத்தத்துக்காவ வெறும் மிக்ஸியை ஓட விடுவேன்” என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

செவலைக்குக் கால் ஆறிவிட்டது. ஆறியதும் மறுபடி அடுத்த வீடு. ரூபியா தினமும் முட்டையோடு வருகிறாள். டீ குடிக்கிறாள், அவள் ஊர்க்கதை சொல்கிறாள். ஆனாலும் தினமும் என் கோழி அவளுக்குத் தொந்தரவுதானே? வைக்கோலைப் பொடியாக நறுக்கி, பேன் பிடிக்காமலிருக்க அடியில் காய்ந்த வேப்பிலை போட்டு வைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

பெட்டியில் முட்டை! ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

இன்றும் பெட்டியில்தான்.

ஜூலை 2, புதன்

யாரும் வரவில்லை. முட்டை இங்கே இருக்கும்போது அவளுக்கு இங்கே என்ன வேலை?

நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று முட்டையோடு அவள் வாசல் வரை போனேன். விலைக்குக் கொண்டு வந்ததாக நினைத்துவிட்டால்? இவள் தனியாக இருக்க முடியாமல் வருகிறாள் என்று நினைத்துவிட்டால்? அதுதானே உண்மை, ஏன் மறைக்க வேண்டும்? ஆனாலும் திரும்பிவிட்டேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் வைக்கோலையெல்லாம் வாரிக் குப்பையில் கொட்டினேன். செவலை வெறும் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கொக்கரித்துவிட்டு, சுவரேறிப் போனது. இரண்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

சாயங்காலம் வந்தாள். “யக்கா, இது மறுபடியும் இங்கன வந்துட்டு! வைக்கோல் என்னாச்சு?”

“அதுக்குப் பிடிக்கல போல” என்றேன். குப்பையில் கிடந்த வைக்கோலை அவள் பார்த்தாள். உட்கார்ந்து, டீயை ஆற்றினாள்.

பாதி டீயில் சொன்னாள்: “நல்லவேளைக்கா, நேத்துத்தான் கடகத்துக்குப் புது உமி வாங்கிப் போட்டேன்.”

கோழி வளர்க்காதவளுக்கு உமி எதற்கு என்று நான் கேட்கவில்லை.