கற்பூரத்தில் திருத்தம் இல்லை

நவம்பர் 3
பதுளையில் இன்று அமெரிக்க அரசியலமைப்பு வரலாறு வகுப்பு. வெக்கையில் வேர்த்து வடிய, சன்னலையெல்லாம் பூட்டிக்கொண்டு ஒரு நாட்டுக்கே சட்டம் எழுதினார்களாம். தேயிலைக் கொழுந்து பறித்த கையைக் கழுவிக்கொண்டே அம்மா சிரித்தாள். "நம்ம லயத்துல கதவ மூடுனா அடுப்புப் பொகையிலயே சட்டம் முடிஞ்சிரும்." மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தது.

நவம்பர் 11
பதின்மூன்று வீடுகள் ஒட்டி வரிசையாய் நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு. கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார். யாரும் அசையவில்லை. போன வருஷ மழையின்போது மேல் லயத்துக்காரர்கள் அப்படித்தான் போனார்கள். திரும்பி வந்தால் தோட்டத்து நிர்வாகம் அறைகளுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. இன்னும் தகரக் கொட்டகையில்தான் கிடக்கிறார்கள்.

நவம்பர் 12
ஒரே சண்டை. பாதிப் பேர் போனால், காலி அறைகளைக் காட்டியே நிர்வாகம் மீதிப் பேரையும் கிளப்பிவிடும். போனால் எல்லோரும் போகணும், இருந்தால் எல்லோரும் இருக்கணும். நான்தான் எழுந்து சொன்னேன்: வீட்டுக்கு ஒரு கை. பெரும்பான்மை சொல்வதற்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

எட்டு வீடு இருப்போம் என்றது. ஐந்து வீடு போவோம் என்றது. எங்கள் வீட்டுக்கு அம்மா கை தூக்கினாள் — போவோம் என்று. பிறகு பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா கோயிலில் கற்பூரம் ஏற்ற, கை தூக்கிய பதின்மூன்று பேரும் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அது என் யோசனை இல்லை.

நவம்பர் 18
மழை.

நவம்பர் 20
வரலாறு எடுக்கும் பத்மநாதன் சேர் இன்று அந்த அரசியலமைப்பின் திருத்தங்களைப் பற்றிப் பேசினார். "எழுதின ஆக்கள் தங்களுக்கும் பிழை வரும் எண்டு தெரிஞ்சவை. அதாலைதான் மாத்திறதுக்கும் ஒரு வழி வைச்சவை. விளங்குதோ?"

விளங்கியது. அதை நான் லயத்தில் சொல்லவே இல்லையே!

பஸ் இறங்கி நேரே மாரியாயி அக்காவிடம் ஓடினேன். இன்னொரு தடவை கை தூக்கச் சொல்வோம் என்றேன்.

"கற்பூரம் அடிச்சாச்சு புள்ள. சாமிகிட்ட ரெண்டு பேச்சா?"

நவம்பர் 23
வெடிப்பில் என் கால் முழங்கால்வரை போகிறது. எங்கள் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு மூட மாட்டேன் என்கிறது. பீலியில் தண்ணீர் நின்றுவிட்டது — இந்த மழையில்! எங்கதான் போகுது அந்தத் தண்ணி?

நவம்பர் 24
அம்மாவிடம் கெஞ்சினேன். கத்தினேன். நீதானேம்மா போகலாம்னு கை தூக்குன?

"தூக்குனேன். தோத்துட்டேன். தோத்தவங்களும் கட்டுப்படணும்னு யாரு சொன்னா? நீதானடி."

பயமாக இருக்கிறது. நான் சத்தியம் செய்யவில்லை. எனக்குக் கட்டு இல்லை. விடிந்ததும் போய்க் கிராம சேவகரை அழைத்து வருவேன். எல்லோரையும் இழுத்தாவது கொண்டுபோகட்டும்.

டிசம்பர் 9
அன்று நான் கிராம சேவகரோடு திரும்பியபோது மேடு லயத்தின்மேல் இறங்கியிருந்தது. மிச்சமானவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். இன்று அதிகாரிகள் வந்தார்கள். வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறார்களாம். ரோட்டுப் பக்கமா, கோயில் பக்கமா என்று எங்களையே முடிவு செய்யச் சொன்னார்கள்.

"கலாராணி, நீயே கேளும்மா" என்றார்கள் லயத்துக்காரர்கள். வீட்டுக்கு ஒரு கை என்றேன். யாரும் கற்பூரம் கேட்கவில்லை.

நான்கு கைகள் எழுந்தன. எங்கள் வீட்டுக்கு என்னுடையது.